கடைசிப் பாகு

கல்லைப் பார்த்ததும் அது அழகாக இருக்கிறது என்றுதான் கிருபாவதிக்கு முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகப் பிறகு வெட்கப்பட்டாள்.

ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் கிடந்தது. ஓர் ஆள் நீளப் பலகை. இளஞ்சிவப்பு. உள்ளங்கை அகலத்துக்குப் படிகங்கள். நடுவில் அப்பளக்கட்டுபோல் அடுக்கடுக்காகக் காக்காப்பொன். சாதாரணக் கருங்கல்லில் படிகங்கள் கடுகளவு இருக்கும், மிஞ்சினால் உளுந்தளவு. இதை எந்த மாளிகையின் வாசலிலும் போடலாம்.

போட்டது நரிக்கரட்டுக் காலனியின் பால்வாடி வராந்தாவில். குழந்தைகள் உட்கார. ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்தார்கள். பதினோரு குழந்தைகளின் தொடைகள் வெந்துபோயின. முடி கொட்டியது. ரத்தத்தில் அணுக்கள் குறைந்தன. இரண்டு பேர் பிழைக்க மாட்டார்கள் என்று சேலம் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எந்த இரண்டு பேர் என்று சொல்லவில்லை.

கல்லைப் போட்டவன் ஓபுளேசன். கல் உடைக்கிறவன். நிலைப்பாறை நிறுவனத்தின் வேலிக்குள் புகுந்து கல்லைத் திருடினான், அதனால் குழந்தைகளுக்குக் கேடு விளைவித்தான் என்று அவன்மேல் வழக்கு. சிறையில் இருந்தான். அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி அவன் மகள் ரேணுகா.

கிருபாவதி பாறைகளைப் படித்தவள். பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறவள். தீர்ப்பாயம் அவளிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான். இந்தக் கல் எப்படி உண்டானது?

நரிக்கரடு ஒற்றைப் பாறைக் குன்று. நிறுவனம் அதன் அடியைத் துளைத்து, மின்சாரம் பாய்ச்சி, பாறையை உள்ளுக்குள் உருக்கியது. நாட்டின் அணு உலைகளில் மிஞ்சும் கழிவைக் கொண்டுவந்து அந்தக் குழம்பில் கலந்தது. குழம்பு ஆறும். இறுகும். மறுபடி கருங்கல்லாகும். கழிவு கல்லுக்குள் சிறைப்பட்டுக் கிடக்கும். ஆறுகிற சூட்டிலிருந்து மின்சாரமும் வரும். கரட்டைச் சுற்றி நிறுவனம் பலகைகள் நட்டிருந்தது. 'பாறை பாதுகாப்பானது.'

அவள் காலனிக்குப் போனாள்.

பால்வாடியைத் தகரம் அடித்து மூடியிருந்தார்கள். எதிர்வீட்டு வாசலில் ஒரு பெண் ஒயர் கூடையை இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள். கூடையில் தூக்குச்சட்டி, துண்டு, ஒரு குழந்தையின் பாவாடை. ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறாள் என்று தெரிந்தது. ஓபுளேசனின் மனைவி எல்லம்மாள்.

"நீங்கதான் கல்லு பாக்குற மேடமா?"

"ஆமா. கிருபாவதி."

"கல்லப் பாத்துட்டீங்க. புள்ளைகளப் பாத்தீங்களா?"

"இன்னும் இல்ல."

"ஆஸ்பத்திரியத் தாண்டித்தான வந்துருப்பீங்க."

அடுத்த வாசலில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்த நாகம்மாள் தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"உடு புள்ள. வந்தவங்களுக்கு ஒரு டம்ளர் தண்ணி குடு. கரடுதான் சும்மா சுடுதண்ணி குடுக்குதே, பைப்பு போட்டு."

"அந்தத் தண்ணிய நான் குடுக்க மாட்டேன்."

"நாம இத்தன நாளு குடிச்சமே."

"அதனாலதான் குடுக்க மாட்டேங்கறேன்."

கல் எடுத்த இடத்தைக் காட்டச் சொன்னாள் கிருபாவதி. மூவரும் நடந்தார்கள். கரட்டின் அடிவாரத்தில் கம்பி வேலி இருந்தது. வேலிக்கு உள்ளே, கை எட்டாத தூரத்தில், பாறையில் இளஞ்சிவப்பாக ஒரு பட்டை ஓடியது. அதில் பலகை அளவுக்கு ஒரு பள்ளம்.

"வேலி தாண்டித்தான் எடுத்தாரா?"

"வேலி அப்ப அங்க இருந்துச்சுங்க." எல்லம்மாள் மேட்டைக் காட்டினாள். "அவரப் புடிச்சுட்டுப் போன மறுவாரம் கீழ எறங்கி நடந்து வந்துருச்சு."

"நடந்தா?"

"கம்பத்துக்குக் காலு மொளச்சிருக்குமுங்க. கம்பெனிக் கம்பமாச்சே."

நாகம்மாள் சிரித்தாள். கிருபாவதி வேலி ஓரமாக நடந்து, எட்டி மேட்டைப் பார்த்தாள். பழைய குழிகள் வரிசையாக இருந்தன. சிமெண்ட் விளிம்புகூடப் பெயரவில்லை. வேலியை நகர்த்தியவர்கள் குழியை மூடக்கூட மெனக்கெடவில்லை. யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்ற தைரியம். அந்தத் தைரியம்தான் அவளுக்கு முதலில் கோபமூட்டியது.

"இவ்வளவு நல்ல கல்லு. வித்திருந்தா நல்ல வெல வந்திருக்கும். ஏன் பால்வாடிக்குக் குடுத்தார்?"

எல்லம்மாள் அவளை விநோதமாகப் பார்த்தாள்.

"கல்லு ஒடைக்கப் பாறையில புதுசா ஒரு மொகம் தொறந்தா, மொதப் பலகைய விக்கக் கூடாதுங்க. ஊருக்குக் குடுத்தரணும். கல்லு வேல செய்யறவங்க எல்லாரும் அப்படித்தான். நாங்க தொவைக்கிற கல்லு எங்க மாமனாரு போட்டது. மாரியம்மன் கோயில் படி அவரு அண்ணன் போட்டது. இது ரொம்ப சொகுசா இருந்துச்சு. தொட்டா இளஞ்சூடு வேற. மழையில புள்ளைக வெறும் தரையில உக்காருதுக, அங்க போடுன்னு நாந்தான் சொன்னேன்."

"தொடை செவந்தப்ப வேர்க்குருன்னு நெனச்சேன். வேப்பிலையும் மஞ்சளும் அரச்சுப் பூசி மறுபடி அனுப்பி வெச்சேன்."

நாகம்மாள் அவள் முதுகில் கை வைத்தாள். எல்லம்மாள் அந்தக் கையை எடுத்துவிட்டாள்.

"கரட்டுக் கல்லு கறுப்புங்க. இது எப்படி அதுக்குள்ளாற வந்துச்சு?"

"கல்கண்டு காய்ச்சிப் பாத்திருக்கீங்களா?"

"தின்னுருக்கேன்."

"சர்க்கரைப் பாகை மெதுவா ஆற விட்டா கல்கண்டு வெளையும். சர்க்கரை சர்க்கரையோடதான் சேரும். அழுக்கை உள்ள விடாது. அதான் கல்கண்டு அவ்வளவு வெள்ளை. தள்ளிவிட்ட அழுக்கெல்லாம் மிச்சப் பாகுக்குப் போகும். பாகு கொறையக் கொறைய அழுக்கு கூடிக்கிட்டே போகும். கடைசியா ஒரு கரண்டிப் பாகு நிக்கும். மொத்த அழுக்கும் அதுலதான்."

"பாறையும் அப்படியா?"

"அப்படியேதான். பாறைக்குழம்பு மெதுவா ஆறும்போது, தனக்கு ஒத்து வர்றத மட்டும் சேத்துக்கிட்டுப் படிகம் வளரும். இவங்க கொட்டின விஷத்துல சீசியம்னு ஒண்ணு. அதை எந்தப் படிகமும் சேத்துக்காது. வெளிய தள்ளும். கடைசிப் பாகு வரைக்கும் தள்ளும். அந்தப் பாகு தண்ணியா ஓடும். விரிசல் கிடைச்ச பக்கம் ஏறி வந்து இறுகிடும். அதுலதான் இவ்வளவு பெரிய படிகம் வளரும். அதைத்தான் உங்க வீட்டுக்காரர் ஒடச்சார்."

"வேற மாதிரி ஆற வெக்க முடியாதுங்களா?"

"முடியும். கடலைமிட்டாய்ப் பாகு ஊத்தினதும் இறுகிடுது இல்ல? கடலை எங்க இருந்ததோ அங்கயே மாட்டிக்கும். குழம்பைச் சட்டுனு குளிர வெச்சிருந்தா கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும். விஷம் அங்கங்கே பொட்டுப் பொட்டா பூட்டிக்கிட்டு நின்னிருக்கும். ஒரு எடத்துல சேந்திருக்காது. எந்தக் குழந்தைக்கும் ஒண்ணும் ஆகியிருக்காது."

"அது அவங்களுக்குத் தெரியாதா?"

"முதல் வருஷப் பாடம் அது."

"அப்பறம் ஏன்?"

"ஆறுற சூட்டுலதான் கரண்ட் எடுக்கறாங்க. சட்டுனு ஆறிட்டா விக்கறதுக்கு என்ன இருக்கும்?"

நாகம்மாள் வேலியைப் பார்த்துச் சொன்னாள். "எழவு வீட்டுக் கொள்ளியில பீடி பத்த வெக்கறவனுக."

தீர்ப்பாயம் ஊரிலிருந்த கல்யாண மண்டபத்தில் கூடியது. மேடையில் தெர்மக்கோல் எழுத்தில் யாரோ ஒரு தம்பதியின் பெயர் இன்னும் ஒட்டியிருந்தது. அதன் கீழே நீதிபதி உட்கார்ந்திருந்தார். நரைத்த தலை, பருத்திச் சேலை. தொடக்கத்திலேயே தெளிவாகச் சொன்னார்.

"எனக்கு ஒரு விஷயம் தெரியணும். கல் யாருடையது? கம்பெனியுடையது என்றால் அதை எடுத்தது திருட்டு. ஆனால் அது செய்த கேட்டுக்கும் கம்பெனிதான் பதில் சொல்ல வேண்டும். ஆழ்கழிவுச் சட்டத்தில் உடைமை இருக்கும் இடத்தில்தான் பொறுப்பு இருக்கிறது."

நிறுவனத்தின் வழக்கறிஞர் சுகிர்தராஜ் எழுந்தார். கல் நிறுவனத்துடையதே என்றார். வேலி இருக்கிறது. வேலிக்குள் இருந்து எடுத்திருக்கிறான். பூட்டிய வீட்டில் திருடி, திருடிய மருந்தைக் குடித்துச் செத்தால் வீட்டுக்காரன் என்ன செய்வான் என்றார். மண்டபத்தின் பின்வரிசையில் காலனிப் பெண்கள் இருந்தார்கள். யாரோ காறித் துப்பும் ஒலி கேட்டது. நீதிபதி நிமிர்ந்து பார்த்தார்.

கிருபாவதி சாட்சி சொன்னாள். பழைய கம்பக் குழிகளைப் படத்தில் காட்டினாள். கல்கண்டைப் பற்றிச் சொன்னாள். கடைசியாக, கல்லைச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தபோது கண்டதைச் சொன்னாள்.

"இந்தக் கல்லில் ஊசிபோன்ற கறுப்புப் படிகங்கள் இருக்கின்றன. போரான் இல்லாமல் அவை வளராது. நரிக்கரட்டில் போரான் கிடையாது. கழிவிலும் கிடையாது."

"பிறகு எங்கிருந்து வந்தது?" நீதிபதி கேட்டார்.

"வெங்காரம் போட்டிருக்கிறார்கள், அதில் போரான் உண்டு. தட்டார் பொன் உருக்கும்போது போடுவதுதான். குழம்பு சீக்கிரம் இறுகாமல், கடைசிப் பாகு கடைசிவரை ஓடும். விஷத்தைப் பூட்டி வைக்க நினைக்கிறவன் அதைப் போட மாட்டான். திரட்டி எடுக்க நினைக்கிறவன்தான் போடுவான்."

முதல் வரிசையில் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் அரவிந்தாட்சன் இருந்தார். அவர் சாய்ந்து வழக்கறிஞரின் காதில் ஏதோ சொன்னார். சுகிர்தராஜ் சாப்பாட்டு இடைவேளை கேட்டார்.

மண்டபத்தின் பந்திக் கூடத்தில் சாப்பாடு. அரவிந்தாட்சன் இலையைக் கிருபாவதிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"வெங்காரத்தைப் பிடிச்சிட்டீங்க மேடம். எங்க ஆளுங்கள்லயே ரெண்டு பேருக்குத்தான் தெரியும்."

அவர் அதை மறைக்கவில்லை. அவள் அதற்குத் தயாராக இல்லை.

"எதுக்கு?"

"கழிவில் அரிய உலோகம் நெறைய இருக்கு. பரவிக் கெடந்தா தூசு. கடைசிப் பாகுல சேந்தா சுரங்கம். கரடு எங்களுக்குச் சும்மா பிரிச்சுத் தருது. என்ன, கொஞ்சம் சீக்கிரமா, தப்பான பக்கம் வெளிய வந்துடுச்சு." ரசத்தைக் கலக்கினார். "கவலைப்படாதீங்க. ஓபுளேசன் நாளைக்கு வீட்டுக்குப் போயிடுவார். அதுதான உங்களுக்கு வேணும்?"

"குழந்தைகள்?"

"இயற்கைப் பேரிடர் நிதின்னு ஒண்ணு இருக்கு. மனு போடட்டும்."

"இதுல இயற்கை எங்க வந்தது?"

"நீங்கதான சொல்லப் போறீங்க," என்றார் அவர். "அப்பளம் போடட்டுமா?"

மதியம் சுகிர்தராஜ் வேறு ஆளாக எழுந்தார். குரல் மென்மையாகியிருந்தது.

"மேடம், நரிக்கரடு முதலில் எப்படி உண்டானது?"

"பாறைக்குழம்பு பூமிக்கடியில் ஆறி."

"அதைத் தீப்பாறை என்பீர்கள்."

"ஆமாம்."

"இந்தப் பலகை?"

"இதுவும் குழம்பு ஆறி உண்டானதுதான். ஆனால்—"

"விதி வேறா?"

"விதி ஒன்றுதான். அடுப்பு மூட்டியது யார் என்பது வேறு."

"பாறைக்கு அது தெரியுமா?"

"தெரியாது."

"எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் இந்தக் கல்லை உங்களிடம் காட்டினால் தீப்பாறை என்பீர்களா, தொழிற்சாலைச் சரக்கு என்பீர்களா?"

கிருபாவதி யோசித்தாள். பொய் சொல்லத் தெரியவில்லை.

"தீப்பாறை."

"நன்றி." அவர் நீதிபதி பக்கம் திரும்பினார். "இந்தக் கல் நிறுவனத்துடையது என்று தவறாகக் கருதிவிட்டோம். நிபுணரே சொல்லிவிட்டார். படிகம் தானாக வளர்ந்திருக்கிறது, பாகு தானாக ஏறியிருக்கிறது. புறம்போக்கில் கிடந்த இயற்கைப் பாறை. அதற்கு உரிமையாளர் கிடையாது. ஓர் ஏழைத் தொழிலாளியைச் சிறையில் வைத்ததற்கு வருந்துகிறோம். புகாரைத் திரும்பப் பெறுகிறோம்."

சிலர் கைதட்டினார்கள். நிறுவனத்து ஆட்கள் அல்ல. காலனி ஆட்கள்.

நீதிபதி கிருபாவதியை ஒரு நொடி பார்த்தார். குற்றம் சாட்டப்பட்டவரை நாளைக் காலை அழைத்து வரச் சொன்னார். எங்கிருந்து எடுத்தார் என்று அவர் வாயால் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வழக்கு முடிந்தது என்றார்.

வாசலில் செருப்புக் குவியலருகே எல்லம்மாள் நின்றிருந்தாள். முகத்தில் வெளிச்சம் இருந்தது. கிருபாவதி அதைப் பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை.

"நாளைக்கு உட்டுருவாங்களா மேடம்?"

"விட்டுருவாங்க."

"ரேணுகா அப்பா அப்பான்னே கேட்டுட்டுக் கெடக்குதுங்க. ஊசி போட அவருதான் கையப் புடிச்சுக்கோணுமாம்."

"எல்லம்மா, இன்னொண்ணும் இருக்கு. கல்லு யாரோடதும் இல்லேன்னு ஆயிடுச்சு. இயற்கையாம்."

"இயற்கைன்னா யாருங்க?"

"யாரும் இல்ல."

எல்லம்மாள் அதை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்ப்பதுபோல் இருந்தாள்.

"அப்ப புள்ளைகளுக்கு வைத்தியம்?"

"மனு போடணும்."

"கரடு?"

"ஓடிக்கிட்டேதான் இருக்கும். இன்னும் பாகு ஏறும். அடுத்து செம்மண்கரட்டுல ஆரம்பிக்கறாங்க. அங்கயும் ஊர் இருக்கு."

"கல்லு அவங்களுதுன்னு ஆயிருந்தா?"

"எல்லாம் அவங்க தலையில விழுந்திருக்கும். பதினோரு குழந்தைக்கும் ஆயுசுக்கும் வைத்தியம். உங்களுக்கு வேற எடத்துல வீடு. கரட்டைத் தண்ணி பாய்ச்சிக் குளிர வெச்சே ஆகணும். இன்னொரு கரட்டைத் தொட முடியாது."

"எங்க வீட்டுக்காரரு?"

"அப்போ அது திருட்டு. மூணு வருஷம் போடுவாங்க."

உள்ளே நாற்காலிகளை அடுக்கும் சத்தம் கேட்டது. காலனிப் பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டு டெம்போவில் ஏறினார்கள். ஒருத்தி, "எல்லம்மா, நாளைக்கு உன் வீட்ல கறிச்சோறு," என்று கத்தினாள். எல்லம்மாள் கையாட்டினாள். பிறகு கிருபாவதியிடம் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"ஜெயில்ல காலையில நேரத்துல போனாப் பாக்க உடுவாங்களா?"

மறுநாள் ஓபுளேசனைக் கொண்டுவந்தார்கள். ஒல்லியான ஆள். இரண்டு உள்ளங்கைகளிலும் கட்டு. கல்லை முதலில் தொட்டவை அந்தக் கைகள். கைகூப்பினால் வலிக்கும்போல, தலையை மட்டும் தாழ்த்தினான்.

நீதிபதி அவனை உட்காரச் சொன்னார். அவன் நின்றான்.

"கம்பெனி புகாரைத் திரும்பப் பெறுகிறது. அந்தக் கல்லைப் புறம்போக்கில் எடுத்தேன் என்று சொல்லுங்கள். வீட்டுக்குப் போகலாம்."

"இல்லீங்கம்மா. திருடுனேன்."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார்.

"என்ன சொன்னீங்க?"

"திருட்டுத்தானுங்க. கம்பெனிக் கல்லு அது. அவங்க காய்ச்சுனது. தெரிஞ்சேதான் எடுத்தேன்."

சுகிர்தராஜ் எழுந்துவிட்டார். "இவர் பயத்தில் பேசுகிறார். அந்தக் கல் வேலிக்கு வெளியே இருந்தது. குழிகளின் படம் இருக்கிறது. நிபுணர் காட்டினார்."

"வேலி எங்க இருந்தா என்னங்க," என்றான் ஓபுளேசன். "கோழி வேலி தாண்டிப் போயி முட்டை போட்டா, முட்டை கோழிக்காரனுதுதானுங்களே."

பின்வரிசையில் யாரோ சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

"அதில் விஷம் இருப்பது உங்களுக்குத் தெரியுமா?" நீதிபதி கேட்டார்.

"தெரியாதுங்க. 'பாறை பாதுகாப்பானது'ன்னு போர்டு வெச்சிருக்காங்க. படிச்சேன். நம்புனேன்."

"திருட்டை ஒப்புக்கொண்டால் தண்டனை உண்டு. தெரியுமா?"

"காலையில சொன்னாங்க."

கிருபாவதி திரும்பிப் பார்த்தாள். எல்லம்மாள் கடைசி நாற்காலியில், மடியில் ஒயர் கூடையோடு, மேடையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

சுகிர்தராஜின் நெற்றி வியர்த்திருந்தது. "இந்த மனிதர் நிரபராதி. இவர் எதையும் திருடவில்லை. வேலியை நாங்கள்தான் பிறகு நகர்த்தினோம், அதை இப்போதே ஒப்புக்கொள்கிறேன். ஒரு கல் உடைப்பவர் காலங்காலமாகச் செய்கிற வேலையைத்தான் இவர் செய்தார். இவரைத் தண்டித்தால் அது பெரிய அநீதி. இவருக்காக வாதாட அனுமதி வேண்டும்."

அவர் குரல் உடைந்தது. நரிக்கரட்டுக்காரர் ஒருவருக்காக அந்த நிறுவனம் அவ்வளவு உருக்கமாகப் பேசியது அதுவே முதல்முறை. அரவிந்தாட்சன் அவர் கோட்டைப் பிடித்து இழுத்தார்.

"உட்காருங்கள்," என்றார் நீதிபதி. தட்டச்சரிடம் திரும்பினார். "எழுதுங்கள். கல்லைத் திருடியதை ஒப்புக்கொள்கிறார். கல்லுக்கு உரியவர்..." வழக்கறிஞரை நிமிர்ந்து பார்த்தார். "கம்பெனியின் முழுப் பெயரைச் சொல்லுங்கள். பதிவு எண்ணோடு."

பெயர் வருவதற்கு நேரமானது. வந்தது. தட்டச்சர் அடித்தார்.

காவலர்கள் ஓபுளேசனை நடு வழியாக அழைத்துப் போனார்கள். கடைசி நாற்காலியருகே அவன் நின்றான். அவர்களும் நின்றார்கள்.

"புள்ள சாப்டுச்சா?"

"ரெண்டு இட்லி," என்றாள் எல்லம்மாள்.

"ஊசி?"

"நான் புடிச்சுக்கறேன்."

அவன் தலையாட்டிவிட்டு நடந்தான்.